கட்டமும் கட்டடமும்

பட்டியலில் எங்கள் வீடு நூற்றுப் பதினொன்று.
படிவத்தில் யாங்கோன் என்று எழுதினேன்,
வாய்க்குள் ரங்கூன் என்று சொல்லிக்கொண்டே.

காப்பாற்ற வேண்டிய பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்க
ஓர் அளவு நாடா, ஒரு டார்ச், ஒரு குடை,
நாளுக்கு இரண்டு டீக்குக் காசு.
மற்ற தெருக்களை முதலில் முடித்தேன்.
சொந்தத் தெருவைக் கடைசிக்கு வைத்திருந்தேன்,
தட்டில் பிடித்ததை ஓரமாய் ஒதுக்குவதுபோல.

சுவர்: கீழே இருபத்திரண்டு அங்குலம்,
மேலே போகப் போகப் பதினெட்டு.
படி: தேக்கு. அறுபத்து நான்கு.
பிறந்தது முதல் ஏறுகிறேன்,
அன்றுதான் எண்ணினேன்.
பால்கனி: வார்ப்பிரும்பு. நடுவில் ஒரு மயில்,
துருவில் வாத்தாகவும் தெரியும்.

மூன்றாம் மாடி மா தந்தா கதவைப் பாதி திறந்தாள்.
தனக்கா காயாத கன்னம், இரண்டு கையிலும் வாளி.
"உன் பட்டியலில் சேர்ந்தால் தண்ணீர் மேலே ஏறுமா?"
ஏறாது என்றேன்.
"கான்ட்ராக்டர் ஏறும் என்கிறான். லிஃப்ட்கூட."
சொல்லிவிட்டு வாளியை இறக்கி
நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்,
நான் சரியாக அளக்கட்டும் என்று.

ஏழு வீட்டில் ஐந்து கையெழுத்து ஆகியிருந்தது.
ஆறாவது என் அண்ணன் வீரபுத்திரன்.
தன் பர்மியப் பெயரில் போட்டிருந்தான்,
செத்துப்போன அப்பாவுக்கு
அடையாளம் தெரியாது என்று நினைத்தானோ என்னவோ.

அப்புறம் அந்த அரசங்கன்று.
கார்னிஸ் வெடிப்பில் காக்கை போட்ட விதை,
நான் பள்ளி முடிப்பதற்குள் ஆள் உயரம்.
போதி மரம், வெட்ட மாட்டேன் என்றார் ஊ தௌங்.
அரச மரம், தொட மாட்டேன் என்றார் சித்தப்பா.
கீழ்க்கடை கபூர் பாயிடம் அரிவாளை நீட்டினார்கள்.
"உங்கள் இரண்டு சாமியையும் நான் வெட்டினால்
நாளைக்கு என் கடை இருக்குமா?" என்று சிரித்தார்.
நாங்களும் சிரித்தோம்,
பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டோம்.
வேர் தன் பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

படிவத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம்.
தீப்பெட்டி அகலம்.
அதில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்:
மேற்குப் பால்கனி, வேரால் பிளவு,
விரல் நுழைகிறது, ஆபத்து.
பழுது பார்க்கப் பணம் வரும் என்று
ஆபத்துக்குக் கீழே கோடு வேறு போட்டேன்.

பணம் வரவில்லை. நகல் போயிருக்கிறது.
எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்கு, கேட்காதீர்கள்.
மழைக்கு முந்தைய வாரம் வாசலில் ஒட்டிய நோட்டீஸில்
என் வாக்கியம் இருந்தது,
பால்கனியும் வேரும் விரலும் உதிர்ந்துபோய்
அந்த ஒரு சொல் மட்டும்.
கோடும் இருந்தது.

கையெழுத்துப் போடாத ஏழாவது ஆள் நான்.
தேவைப்படவில்லை.

இடிக்கும் முன் ஒரு பிக்கு வந்தார்.
ஓதினார், நீர் ஊற்றினார்.
மரத்தை வேரோடு சாக்கில் கட்டி
பகோடா முற்றத்தில் கொண்டுபோய் நட்டார்கள்.
அங்கே குடியிருந்தவர்களில்
உடனே மாற்று இடம் கிடைத்தது அதற்கு மட்டும்.
கபூர் பாய் பெயர்ப்பலகையைக் கழற்றித்
தோளில் வைத்துக்கொண்டு தாம்வே பக்கம் போனார்.

இப்போது ஒன்பது மாடி. பச்சைக் கண்ணாடி.
மா தந்தா எட்டாவதில்.
தண்ணீர் ஏறுகிறது, பொய் சொல்லக் கூடாது.
மின்சாரம் போன நேரங்களில் ஏறுவதில்லை,
லிஃப்டும் நின்ற இடத்தில் நிற்கிறது.
அதனால் கயிறு இறங்குகிறது,
கீழ் முனையில் கவ்வி, மேல் முனையில் மணி,
பழைய வீட்டில் தொங்கிய அதே மணி.
இழுத்தால் சத்தம் வர இப்போது நேரமாகிறது.
நேற்று அதன் கீழே நின்று, பழக்கதோஷம்,
நாடாவை எடுத்தேன். எட்டவில்லை.

நூற்றுப் பன்னிரண்டு, பக்கத்துக் கட்டடம்.
அங்கேயும் பால்கனி சாய்ந்துதான் இருக்கிறது.
குறிப்புக் கட்டத்துக்கு மேலே பேனா
டீ ஆறி ஆடை படியும்வரை நின்றது.
எழுதினேன்:
மயில். வாத்து அல்ல. நல்ல வேலைப்பாடு.

பிறகு கீழே இறங்கி,
அதன் நிழலில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த பையனை
எதிர்ப்பக்கம் போய் ஓட்டச் சொன்னேன்.